வாடகைப் பாக்கியும் ஆமைப்பூட்டும்

"காசைத் தந்திட்டுச் சாமானைத் தூக்கிக்கொண்டு போங்கோ."

கம்பஸுக்குப் பக்கத்தில் அறை எடுத்துப் படிக்கிறவர்களில் இந்த வசனத்தைக் கேளாதவர்கள் குறைவு. தங்களுக்கு நடக்காவிட்டாலும் அடுத்த அறைக்காரருக்கு நடந்திருக்கும். திருநெல்வேலியிலும் கொக்குவிலிலும் கலட்டியிலும் இருக்கிற ஒழுங்கைகளில் இது ஒரு சாதாரண வசனம். சொல்லுகிறவர் கூச்சப்படுவதில்லை. கேட்கிற நாங்களும் அதில் ஏதோ நியாயம் இருக்கிறதாகத்தான் நினைக்கிறம். வாடகை குடுக்கேல்லைத்தானே, அப்ப பூட்டுவினம்தானே எண்டு எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொள்ளுகிறம்.

இந்தக் கட்டுரை அந்த "தானே"க்கு எதிரானது. வாடகைப் பாக்கி ஒரு கடன். கடனைக் கேட்கலாம், எழுத்தில் கேட்கலாம், மத்தியஸ்த சபைக்குப் போகலாம், வழக்குப் போடலாம். ஆனால் அறைக்கு ஆமைப்பூட்டுப் போட்டு, உள்ளே இருக்கிற கொப்பியையும் உடுப்பையும் பிணையாக வைத்திருக்கிற அதிகாரத்தை வீட்டுக்காரருக்கு ஒருவரும் குடுக்கவில்லை. "அப்ப வாடகை கட்டாமல் இருக்கச் சொல்லுறியோ?" எண்டு கேட்பவர்கள் கொஞ்சம் பொறுங்கோ. கட்டத்தான் வேணும். அதற்கும் இந்தக் கட்டுரையில் இடம் இருக்கு.

பூட்டுக்குப் பின்னால் இருப்பது என்ன?

எங்கட பட்ச் பிள்ளை ஒருத்தி, மலையகத்திலிருந்து வந்தவள். இரண்டு மாத வாடகை பிந்திவிட்டது. படிப்பு விடுமுறைக்கு வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தபோது அறையில் அவளுடைய பூட்டுக்கு மேலே இன்னொரு பூட்டு. உள்ளே இரண்டு வருட நோட்ஸ், ஒரு பழைய லப்டொப், உயர்தரப் பெறுபேற்றின் மூலப் பிரதி, நாலைந்து சட்டை, ஒரு றைஸ் குக்கர். பரீட்சைக்கு ஒன்பது நாள். இரண்டு மாத வாடகையும் கரண்ட் காசும் வந்தால்தான் கதவு திறக்கும் எண்டு வீட்டுக்காரர் சொன்னார். அவள் ஐந்து நாள் சிநேகிதியின் அறையில் நிலத்தில் படுத்து, மற்றவர்களுடைய நோட்ஸைப் போட்டோ பிரதி எடுத்துப் படித்தாள். ஆறாம் நாள் தோட்டை அடகு வைத்துக் காசைக் கட்டினாள்.

அந்த அறைக்குள் இருந்த சாமானை விற்றால் பாக்கியில் கால்வாசிகூடத் தேறாது. வீட்டுக்காரருக்கும் அது தெரியும். அவர் பூட்டினது விற்கிறதுக்காக இல்லை. அந்தச் சாமான் அவளுக்கு எவ்வளவு தேவை எண்டு தெரிந்துதான் பூட்டினார். பரீட்சை கிட்ட வர வர அந்த நோட்ஸின் பெறுமதி ஏறும், அவளுடைய பேரம் பேசுகிற பலம் இறங்கும். கடன் அறவிடுகிற வழி எண்டு இதற்குப் பெயர் வைக்க ஏலாது. இது நெருக்குதல்.

இன்னொன்றையும் கவனிக்க வேணும். போடிங் அறை வருடம் முழுக்க நாங்கள் வாழுகிற இடமும் இல்லை. 2020 மார்ச்சில் கொவிட்டால் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது எங்கட சீனியர்கள் கையில் கிடைத்த ஒரு பையோடு ஊருக்குப் போனார்கள். சில நாளில் திரும்பலாம் எண்டு நினைத்தார்கள். மாதக்கணக்கில் திரும்ப முடியவில்லை. 2024 மே மாதம் தொடங்கிய கல்விசாரா ஊழியர்களின் வேலைநிறுத்தமும் இரண்டு மாதத்துக்கு மேல் நீண்டது. அந்த மாதங்களில் அறையில் ஆள் இல்லை, தண்ணி இல்லை, லைட் இல்லை. இருந்தது ஒரு பாயும் இரண்டு பெட்டியும் மட்டும். அறை ஒரு களஞ்சியம் ஆனது. வாடகை மட்டும் ஆள் இருக்கிற வாடகை. வந்து பார்த்தால் பாக்கி, பாக்கிக்குப் பூட்டு.

வெளிநாட்டுக் களஞ்சிய அறையும் எங்கட அறையும்

கனடாவிலோ அமெரிக்காவிலோ சொந்தக்காரர் இருந்தால் "ஸ்டோரேஜ்" எண்ட சொல்லைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வீடு மாறும்போது, அல்லது வீட்டில் இடம் காணாதபோது, ஊருக்கு வெளியே வரிசையாகக் கட்டியிருக்கிற தகரக் கதவு அறைகளில் ஒன்றை மாத வாடகைக்கு எடுத்துச் சாமானைப் போட்டுப் பூட்டி வைப்பார்கள். வாடகை பிந்தினால் கம்பனி தன்னுடைய பூட்டைப் போடும். இன்னும் பிந்தினால் ஏலம். 2010இல் அமெரிக்காவில் தொடங்கிய "ஸ்டோரேஜ் வோர்ஸ்" எண்ட தொலைக்காட்சி நிகழ்ச்சி இந்த ஏலத்தைத்தான் விளையாட்டாக்கிக் காட்டியது. கதவைத் திறப்பார்கள், ஏலம் கேட்பவர்கள் வாசலில் நின்று எட்டிப் பார்ப்பார்கள், உள்ளே கால் வைக்கக் கூடாது, ஆகக் கூடின தொகை சொன்னவருக்கு முழுவதும் சொந்தம். பெட்டியைத் திறந்து பழைய நாணயம் கிடைத்தால் ஆரவாரம். அந்தப் பெட்டி ஆருடையது, அவர் ஏன் காசு கட்டவில்லை எண்ட கேள்வி அந்த நிகழ்ச்சிக்குத் தேவைப்படவில்லை.

எனக்கு அந்த நிகழ்ச்சியில் துளியும் விருப்பம் இல்லை. ஆனால் அந்த வியாபாரத்துக்குக்கூட ஒரு ஒழுங்கு இருக்கு. எங்கட ஆக்கள் நிறையப் பேர் இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தை எடுங்கோ. அங்கே களஞ்சியக்காரர் சாமானை விற்பதானால், காசு கட்ட வேண்டிய நாளிலிருந்து 60 நாள் கழிய வேணும். விற்கப்போகிறேன் எண்டு குறைந்தது 15 நாளுக்கு முன்னர் எழுத்தில் அறிவிக்க வேணும். விற்ற காசில் செலவும் பாக்கியும் போக, உரிமை கோரக்கூடிய மற்றவர்களுக்கும் குடுத்து மிஞ்சினால், அது சாமான்காரருக்குச் சேர வேணும். அதாவது பாக்கி வைத்தவருக்கும் உரிமை இருக்கு எண்டதை அந்தச் சட்டம் மறக்கவில்லை.

அதே மாகாணத்தில் வீட்டு வாடகைக்கு வேறு சட்டம். 2006ஆம் ஆண்டின் வீட்டு வாடகைச் சட்டம், வாடகை கட்டவில்லை எண்டதற்காக, சட்ட நடவடிக்கை இல்லாமல் வீட்டுக்காரர் குடியிருப்பவருடைய சாமானைப் பிடித்து வைக்கக் கூடாது எண்டு நேரடியாகவே சொல்லுகிறது. இந்த வித்தியாசம் முக்கியம். களஞ்சிய அறையில் கிடப்பது பெரும்பாலும் அன்றாடத்துக்குத் தேவைப்படாத சாமான். குடியிருக்கிற அறையில் கிடப்பதோ அன்றாடமேதான். படுக்கிற பாய், போடுகிற உடுப்பு, குடிக்கிற மருந்து, படிக்கிற கொப்பி. அதனால்தான் முதலாவதுக்கு நிபந்தனையோடு அனுமதி, இரண்டாவதுக்குத் தடை.

இப்ப எங்கட ஒழுங்கைக்கு வாருங்கோ. இங்கே குடியிருக்கிற அறையைக் களஞ்சிய அறை மாதிரி நடத்துகிறார்கள். களஞ்சிய அறைக்கு உரிய 60 நாளும் இல்லை, 15 நாள் கடிதமும் இல்லை, மிச்சக் கணக்கும் இல்லை. ஒரு ஆமைப்பூட்டு மட்டும் இருக்கு.

எங்கட நாட்டுச் சட்டம் சொல்லுவது

"இலங்கையில் உதுகள் எல்லாம் ஆர் பார்க்கினம்?" எண்டு சொல்லுவது எங்கட பழக்கம். பார்க்கிறார்களோ இல்லையோ, சட்டம் இருக்கு. அதைத் தெரியாமல் இருப்பதால் லாபம் பூட்டுக்காரருக்குத்தான்.

முதலாவது, 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம். இந்தச் சட்டத்துக்குள் வருகிற வீட்டிலிருந்து ஆளை எழுப்புவதானால் நீதிமன்றம் போக வேணும். வாடகை பிந்தியது எண்ட காரணத்துக்காக வழக்குப் போடுவதானால், முதல் தடவை பிந்தியவருக்கு மூன்று மாத அறிவித்தல் குடுக்க வேணும். வழக்குப் போடுவதற்கு முன்னரே பாக்கி முழுவதையும் அவர் கொண்டுவந்து நீட்டினால், அந்தக் காரணத்தை வைத்து வழக்குப் போட ஏலாது. பின்னர் வந்த திருத்தங்கள் எத்தனையோ வீடுகளை இந்தச் சட்டத்துக்கு வெளியே எடுத்துவிட்டன எண்டது உண்மை. நாங்கள் இருக்கிற அறைகளில் பல அதற்கு வெளியே இருக்கலாம். வீட்டுக்காரர் குடும்பத்தோடு ஒரே கூரைக்குக் கீழே ஒரு அறையில் இருப்பவர் சட்டப்படி வாடகையாளரா, அனுமதியோடு தங்குபவரா எண்டதும் வாதாடக்கூடிய விசயம். ஆனால் சட்டத்துக்கு வெளியே எண்டால் கேள்வி இல்லை எண்டு அர்த்தம் இல்லை. அப்போதும் சாதாரண ஒப்பந்தச் சட்டம் இருக்கு, நீதிமன்றம் இருக்கு. அறை ஆருடையதாக இருந்தாலும் அறைக்குள் இருக்கிற லப்டொப் என்னுடையது.

இரண்டாவது, விசயம் தெரிந்த வீட்டுக்காரர் ஒருவர் இப்படிக் கேட்கலாம்: உரோம டச்சுச் சட்டத்தில், பாக்கி வைத்தவர் வீட்டுக்குள் கொண்டுவந்த சாமான் மேல் வீட்டுக்காரருக்கு ஒரு பிணை உரிமை இருக்குத்தானே? இருக்கு. ஆனால் அந்த உரிமையைச் செயல்படுத்துவது நீதிமன்றக் கட்டளை. தானே நீதவானாகி, தானே பிஸ்கல் ஆகி, தானே பூட்டும் வாங்கிக்கொண்டு வருகிற உரிமை அது இல்லை.

மூன்றாவதுதான் எனக்கு ஆகப் பிடித்தது. 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 218ஆம் பிரிவு. கடன் குடுத்தவர் வழக்குப் போட்டு, வென்று, தீர்ப்பை நிறைவேற்ற பிஸ்கல் வந்து சாமானைக் கைப்பற்றுகிறார் எண்டு வையுங்கோ. அப்போதுகூடக் கைப்பற்ற முடியாத சாமான்கள் எண்டு அந்தப் பிரிவு ஒரு பட்டியல் தருகிறது. அதில் முதலில் வருவது கடனாளிக்கும் அவருடைய குடும்பத்துக்கும் அவசியமான உடுப்பு, படுக்கை. அடுத்து வருவது தொழிலுக்கான கருவிகள். வெள்ளைக்காரன் எங்களை ஆண்ட காலத்தில், கடன் குடுத்தவர்களின் பக்கம் நன்றாகவே சாய்ந்த ஒரு காலத்தில் எழுதப்பட்ட கோவை அது. தோற்ற கடனாளியிடமிருந்தும் பாயையும் சட்டையையும் பறிக்காதே எண்டு அதிலேயே இருக்கு. வழக்கே இல்லாமல், தீர்ப்பே இல்லாமல், ஒரு பிள்ளையின் பாயையும் சட்டையையும் பூட்டி வைக்கிற வீட்டுக்காரர் 1889ஐ விடவும் பின்னால் நிற்கிறார்.

நாலாவது, பொலிஸ். முறைப்பாடு குடுக்கப் போனால் "இது சிவில் பிரச்சினை, நீங்களே கதைச்சுத் தீருங்கோ" எண்டு அனுப்பிவிடுவார்கள் எண்டு எல்லாரும் சொல்லுவினம். 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க முதனிலை நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவை நினைவில் வையுங்கோ. காணியையோ கட்டடத்தையோ அனுபவிப்பது பற்றிய பிணக்கு சமாதானக் குலைவுக்குப் போகக்கூடும் எண்டால் பொலிஸார் அதை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக வேணும். அவர்கள் கொண்டுபோகாவிட்டால் பாதிக்கப்பட்டவரே சத்தியக்கூற்றோடு போகலாம். பலவந்தமாக வெளியேற்றப்பட்டு இரண்டு மாதத்துக்குள் எண்டால், திரும்ப உள்ளே விடும்படி கட்டளையிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கு. போடிங் பிள்ளையின் நிலைமை இதற்குள் வருமா எண்டதை ஒரு சட்டத்தரணிதான் பார்த்துச் சொல்ல வேணும். சட்டத்தரணிக்குக் காசு இல்லை எண்டால் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போகலாம். அது 1978இலிருந்து இருக்கிற அரச நிறுவனம். வருமானம் குறைந்தவர்களுக்காகவே அமைக்கப்பட்டது.

பூட்டை மட்டும் உடைக்காதேயுங்கோ. உடைத்த நிமிடமே கதை மாறிவிடும். அவர் முறைப்பாட்டுக்காரர், நீங்கள் சந்தேகநபர். பூட்டின படத்தை எடுங்கோ, திகதியை எழுதுங்கோ, உள்ளே இருக்கிற சாமானின் பட்டியலை எழுதுங்கோ, பொலிஸில் ஒரு பதிவாவது போடுங்கோ.

வீட்டுக்காரர் எல்லாரும் முதலாளிகளா?

இல்லை. இதை ஒழுங்காகச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை ஒரு கோஷமாகப் போய்விடும்.

எங்கட ஒழுங்கைகளில் அறை குடுப்பவர்களில் பலர் ஓய்வூதியக்காரர்கள். கணவரை இழந்த பெண்கள். பிள்ளைகள் வெளிநாடு போய், காசு அனுப்புவதும் குறைந்துபோன வயதானவர்கள். மூன்று அறை வாடகைதான் அவர்களுக்கு மருந்து, அரிசி எல்லாம். 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் கூட்டப்பட்டது. 2023 பெப்ரவரியில் இன்னும் 66 சதவீதம். அறைக்குள் கெற்றில், அயன், றைஸ் குக்கர் எல்லாம் போட்டுவிட்டு, பில் வரும்போது "அன்ரி, அடுத்த மாதம்" எண்டு சொல்லுகிற எங்களைப் பார்த்தால் ஆருக்கும் கோபம் வரும். ஒரு அன்ரி என்னிடம் சொன்னா: "தம்பி, போன பட்ச் பெடியன் ஒருத்தன் நாலு மாதக் காசு தராமல் இரவோட இரவா ஓடிட்டான். நான் ஆரைத் தேடுறது?"

அவவின் கேள்வி நியாயமானது. ஓடின பெடியன் செய்தது துரோகம். ஆனால் அதற்கு மருந்து அடுத்து வருகிற பிள்ளையின் அறையைப் பூட்டுவது இல்லை. அந்த அன்ரிக்கு ஒரு வழி இருக்கு, அதை ஆரும் அவவுக்குச் சொல்லவில்லை. 1988ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபைகள் ஒவ்வொரு பிரதேசத்திலும் இருக்கு. சட்டத்தரணி தேவையில்லை. சிறு தொகைக் கடன்களை முதலில் அங்கே கொண்டுபோக வேணும், அங்கே தீராவிட்டால்தான் நீதிமன்றம். சில மாத அறை வாடகை அந்த எல்லைக்குள் சுலபமாக அடங்கும். இரண்டு பக்கத்தையும் இருத்திக் கதைத்து, தவணை முறையில் கட்ட ஒரு இணக்கம் எழுதலாம். பூட்டு இல்லாமலும் கடன் அறவிடலாம் எண்டதுதான் விசயம்.

எங்கட பக்கத்துக் கடமை

உரிமையைப் பற்றி நாலு பக்கம் எழுதிவிட்டுக் கடமையை ஒரு வரியில் முடிப்பது எங்கட மாணவர் அரசியலின் வழக்கம். அந்த வழக்கம் வேண்டாம்.

வாடகை பிந்தப்போகிறது எண்டு தெரிந்த அன்றே சொல்ல வேணும். முதலாம் திகதி கடந்து, வீட்டுக்காரர் கேற்றடியில் நிற்கிறார் எண்டு பின்பக்கத்தால் போவது, போனை எடுக்காமல் விடுவது, இது இரண்டும் கடனை விட மோசமான வேலை. கடன் காசைத்தான் குறைக்கும், ஒளிவது நம்பிக்கையைக் குறைக்கும்.

கையில் பாதி இருந்தால் பாதியைக் குடுங்கோ. குடுத்ததற்குப் பற்றுச்சீட்டு வாங்குங்கோ. தரமாட்டேன் எண்டால், "இன்று இவ்வளவு தந்தேன், மிச்சம் இவ்வளவு, இந்தத் திகதிக்குள் தருவேன்" எண்டு வட்ஸ்அப்பில் ஒரு வசனம் அனுப்புங்கோ. பிறகு கதை வரும்போது அந்த வசனம்தான் உங்களுக்குச் சாட்சி. வங்கியில் போடுவது இன்னும் நல்லது.

கரண்டுக்கும் தண்ணிக்கும் உள்ள பங்கு வாடகை மாதிரியே கடன். விடுமுறைக்குப் போகும்போது அறையை வைத்திருக்கப்போகிறீர்களா, விடப்போகிறீர்களா எண்டு தெளிவாகச் சொல்ல வேணும். சாமானை விட்டுவிட்டு மாதக்கணக்கில் தொடர்பே இல்லாமல் போனால், அந்த அறையை அவர் என்ன செய்வது? அந்தச் சாமான் கைவிடப்பட்டதா இல்லையா எண்டு அவருக்கு எப்படித் தெரியும்? வேறு ஆளுக்கு அறையைக் குடுக்க முடியாமல் அவர் நட்டப்படுவதும் உண்மையான நட்டம்தான்.

இவ்வளவும் செய்தும் காசு இல்லாமல் போகலாம். ஏன் எண்டால் எங்கட காசு எங்கட கையில் இல்லை. மகாபொலப் புலமைப்பரிசிலை 2025 வரவு செலவுத் திட்டத்தில் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆகக் கூட்டினார்கள். நல்லது. ஆனால் நான் இருக்கிற ஒழுங்கையில் ஒரு அறையில் ஒரு கட்டிலுக்கே கிட்டத்தட்ட அவ்வளவு கேட்கினம். அந்தக் காசும் மாதம் பிறந்தவுடன் வருவதில்லை. மாதக்கணக்கில் பிந்தி, இரண்டு மூன்று தவணை சேர்ந்து வரும். அரசாங்கம் பிந்தினால் அதற்கு "நிர்வாகத் தாமதம்" எண்டு பெயர். அதனால் நாங்கள் பிந்தினால் ஆமைப்பூட்டு.

ஏன் ஆரும் வாய் திறப்பதில்லை?

சட்டம் தெரியாதது ஒரு காரணம். ஆனால் சட்டபீடப் பிள்ளையின் அறையைப் பூட்டினாலும் அவள் வாய் திறக்காமல் இருக்கக்கூடும். பூட்டுக்குப் பலம் குடுப்பது வேறு விசயங்கள்.

பெண் பிள்ளைகளிடம் "வீட்டுக்கு அடிச்சுச் சொல்லட்டோ?" எண்ட ஒரு கேள்வி போதும். வாடகைப் பாக்கி எண்டு தொடங்கிய கதை, "எத்தனை மணிக்கு வாறவ, ஆரோட வாறவ" எண்டு முடியும். பாக்கிக்கும் நடத்தைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் அந்தக் கதை ஊருக்குப் போனால் படிப்பே நின்றுவிடும் எண்டு அவளுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

வெளியூர்ப் பிள்ளைகளிடம் வேறு விதம். வன்னியிலிருந்தோ மலையகத்திலிருந்தோ கிழக்கிலிருந்தோ வந்தவருக்கு இங்கே சிபாரிசுக்கு ஆள் இல்லை. அறை தேடும்போதே "எந்த இடம்? அங்க ஆற்ற பிள்ளை?" எண்ட கேள்வியைக் கடந்துதான் வந்திருப்பார். அந்தக் கேள்வியின் அர்த்தம் என்ன எண்டு யாழ்ப்பாணத்தில் ஒருவருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. சாதி கேட்டு அறை குடுக்கிற ஊரில், குடுத்த அறையைப் பூட்டும்போதும் அதே தராசுதான் வேலை செய்யும். உள்ளூரில் மாமா ஒருவர் இருக்கிற பிள்ளைக்கு "பரவாயில்லை, ஆறுதலாத் தாங்கோ". ஒருவரும் இல்லாத பிள்ளைக்குப் பூட்டு. ஒரே பாக்கிக்கு இரண்டு விதமான பதில் வருகிறது எண்டால், பிரச்சினை பாக்கியில் மட்டும் இல்லை.

இனி என்ன?

"வீட்டுக்காரர்கள் திருந்த வேணும்" எண்டு முடித்தால் அது புத்திமதி. எனக்குத் தெரிந்து உடனே செய்யக்கூடியவை மூன்று.

ஒன்று, ஒரு பக்க ஒப்பந்தம். மாணவர் ஒன்றியம் சட்டத்துறை ஆக்களோடு இருந்து தமிழிலும் சிங்களத்திலும் ஒரு மாதிரிப் படிவம் எழுதலாம். வாடகை எவ்வளவு, முற்பணம் எவ்வளவு, அதை எப்போது திருப்பித் தருவது, கரண்டைப் பிரிப்பது எப்படி, பிந்தினால் எத்தனை நாள் அவகாசம், கம்பஸ் மூடினால் வாடகை எவ்வளவு. இதோடு ஒரு வரி: எந்தப் பாக்கிக்கும் அறையையோ சாமானையோ பூட்டுவதில்லை. இது வீட்டுக்காரருக்கும் நல்லது. ஓடின பெடியனைத் தேட அவரிடம் ஒரு முகவரியும் கையெழுத்தும் இருக்கும்.

இரண்டு, கம்பஸுக்குள் ஒரு சாமான் அறை. நீண்ட விடுமுறைக்கும் மூடுகிற காலத்துக்கும் பெட்டிகளை வைத்துவிட்டுப் போக, பூட்டக்கூடிய ஒரு மண்டபம், ஒரு பதிவேடு, ஒரு காவலாளி. இதற்கு உலக வங்கிக் கடன் தேவையில்லை. இரண்டு பெட்டிக்கும் ஒரு பாய்க்கும் முழு மாத வாடகை கட்டிப் பாக்கியாகிற நிலைமை இதிலேயே பாதி குறையும். மாணவர் நலனுக்கு எண்டு இருக்கிற பிரிவு இதைச் செய்யாவிட்டால் வேறு எதைச் செய்யப்போகிறது?

மூன்று, தனியப் போகாதேயுங்கோ. ஒரு அறையைப் பூட்டினால் பக்கத்து அறைக்காரர் நாலு பேர் சேர்ந்து போய், சத்தம் போடாமல், ஒரு கடிதத்தோடு கதையுங்கோ. "பாக்கியை இந்தத் திகதிக்குள் தருவா, நாங்கள் சாட்சி. சாமானை இப்ப தாங்கோ." இதை நாங்கள் ஒரு இடத்தில் செய்து பார்த்தோம். அரை மணித்தியாலம் கதைத்தோம். பூட்டைத் திறந்தார். பாக்கியும் அடுத்த மாதம் 20ஆம் திகதி அவர் கைக்குப் போனது. கேற்றடியில் தனிய நின்ற பிள்ளைக்குச் சொன்ன அதே வசனத்தை ஐந்து பேருக்கு முன்னால் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.